பக்தவச்சலம் அடித்த இரண்டாவது கோட்டு

பக்தவச்சலத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. மருத்துவச்சி வந்து சேருவதற்குள் பிறந்துவிட்டவன். பஸ் நிற்பதற்குள் குதித்து, பஸ்ஸுக்கு முன்னால் ஓடிப்போய், அது நிற்கிற இடத்தில் நின்று அதை வரவேற்றவன். சோறு வெந்ததா என்று அவன் அம்மா கெங்கம்மாள் பானையைத் திறந்து பார்த்தால் பாதி காலியாக இருக்குமாம். இதையெல்லாம் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் என்னிடம் கதை கேட்பவர்கள் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனால் அந்த டிராக்டர் சுருங்கிய கதையில் கழிக்க ஒன்றுமில்லை. அதை நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஊர் மாதனூருக்குப் பக்கத்தில், பாலாற்றின் கரையில். பக்தவச்சலமும் அவன் அண்ணன் அருணகிரியும் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்துக்கொண்டு, நடுவில் ஒரே முற்றத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அருணகிரியின் மனைவி செல்லம்மாள் எனக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதனால் அந்த முற்றத்தில் ஈ பறந்தாலும் எனக்குச் செய்தி வந்துவிடும்.

அண்ணன் பயிர் வைத்தார். தம்பி ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். பாதி பதம் செய்த தோலை வெளிநாட்டுக்கு அனுப்பாதே, முழுசாக முடித்து அனுப்பு என்று சர்க்கார் சொல்ல ஆரம்பித்த காலம் அது. கம்பெனிகளில் புதிதாக ஸ்ப்ரே செக்ஷன் வைத்தார்கள். பக்தவச்சலம் அதில் கன் பிடிக்கிற ஆள். பொறுமையில்லாத மனுஷனுக்கென்றே செய்து வைத்த வேலை. தோலின் மேல் ஒரு கோட்டு சாயம் அடித்தால் சூட்டில் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். உடனே அடுத்தது, அதற்கு மேல் பளபளப்புக்கு லாக்கர், அதுவும் காய்ந்துவிடும். கிழட்டு எருமையின் கழுத்துத் தோலைக் கொடுத்தால் கல்யாணப்பெண்ணின் கன்னம் மாதிரி ஆக்கித் தருவான். "தோல்ல சுருக்கம்னு ஒண்ணு இருந்தா அது என் கண்ணுக்குப் பயந்துக்கும்" என்று பீற்றிக்கொள்வான். நான்கூட என் முகத்தைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டிருக்கிறேன். "உங்களுக்கு லாக்கர் ஜாஸ்தி செலவாகும்க்கா" என்றான், படுபாவி.

இந்தக் கம்பெனியால்தான் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அருணகிரியின் கிணற்றுத் தண்ணீர் ஒரு காலத்தில் இளநீர் மாதிரி இருக்கும். மேலே வரிசையாகத் தோல் கம்பெனிகள் வந்த பிறகு அது மெல்லக் கரிக்க ஆரம்பித்தது. பிறகு நுரைத்தது. நெல் பயிர் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. ஒரு நாள் அவர் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு வந்து, வேலையிலிருந்து வந்த தம்பியின் கையில் கொடுத்து, "குடிடா" என்றார்.

பக்தவச்சலம் குடித்தான். "கொஞ்சம் கரிக்குதுண்ணா. பரவாயில்ல" என்றான்.

"பரவாயில்லயா? நீ திங்கற சோத்துக்காகத்தான்டா இந்தக் கெணறு செத்துச்சி."

"இன்னாண்ணா நீ! நான் ஒருத்தன் வேலைய வுட்டுட்டா தண்ணி இனிச்சிடுமா?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் கேட்டிருக்கக் கூடாது. கொஞ்சம் பொறுத்து, அண்ணன் வாயில் இருந்த கரிப்பு போன பிறகு சொல்லியிருக்கலாம். பொறுப்பதுதான் அவனுக்கு வராதே. அருணகிரி சொம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். அதோடு தம்பியிடம் பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் ஒரே முற்றம் இல்லையா, சொல்ல வேண்டியவை இருக்கத்தானே செய்யும்? முற்றத்தில் லட்சுமி என்று ஒரு பசு கட்டியிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துப் பேசுவார்.

"லட்சுமி, மோட்டார் ரூம் சாவி எங்கன்னு கேளு."

தம்பியும் பசுவைப் பார்த்தே பதில் சொல்வான். "மாடத்துல இருக்குதுன்னு சொல்லு, லட்சுமி."

"எடுத்தவன் எடுத்த எடத்துல வைக்கணும்னு சொல்லு."

"வச்சவர் கண்ணத் தொறந்து தேடணும்னு சொல்லு."

பசு இருவரையும் மாறி மாறிப் பார்த்து அசை போடும். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைவிட அந்த மாட்டுக்கு விவகாரம் அதிகம் தெரியும். அது சினையாகிக் கன்று போட்ட சமயத்தில் கொட்டகைக்குள்ளேயே இருந்ததால், வீட்டில் பாதிக் காரியம் நடக்காமல் கிடந்தது என்று செல்லம்மாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வருஷக்கணக்கில் அப்படியே ஓடின பிறகு அவளுக்கும் சிரிப்பு வற்றிப்போயிற்று.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில் அருணகிரியின் ஒரே மகள் அமிர்தவள்ளிக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருந்தவர் வீட்டுப் பையன். பெண்ணை அழைத்துப் போக அருணகிரியின் டிராக்டரும் டிரெய்லரும்தான். அந்த டிராக்டர் அவர் வாங்கும்போதே யாரோ ஓட்டித் தேய்த்தது. சிவப்பாக இருந்தது என்று சொன்னால்தான் தெரியும், அப்படி வெளுத்து, செங்கல் தூள் நிறத்துக்கு வந்திருந்தது. உழுவதற்கு நிலம் உப்பாகிப் போனதிலிருந்து பெரும்பாலும் வேப்பமரத்தடியில் நின்றது.

செல்லம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு மச்சினனிடம் போனாள். "பக்தா, வண்டிக்கு உன் கையால பெயிண்ட் அடிச்சிக் குடு. உங்கண்ணன் வாயத் தொறந்து கேக்க மாட்டார். ஆனா நீ தொட்டா வாணாங்கல. நான் கேட்டுட்டேன்."

"இன்னா சொன்னார்?"

"தொடறவன் தொட்டுக்கட்டும்னு லட்சுமிகிட்ட சொன்னார்."

பக்தவச்சலத்தின் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். திருவிழாவில் தொலைந்த பிள்ளை அம்மா புடவையைக் கண்டுபிடித்த முகம். அவனுக்கு டிராக்டர் பெரிசில்லை. அண்ணன் ஒரு வார்த்தை, மாட்டைப் பார்க்காமல், தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக அவன் அந்த வண்டியைத் தங்கத்தால் பூசச் சொன்னாலும் பூசியிருப்பான்.

முதல் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். அப்படிச் செய்தான் என்பதே ஊருக்கு அதிசயம். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் துடைத்தான். சோடா மாவு கரைத்துக் கழுவினான். துருவைச் சுரண்டினான். சுரண்டிய இடங்களுக்குக் காவிநிற பிரைமர் வைத்தான். அது காயும் வரை எதிரே உட்கார்ந்து பீடி பிடித்தே பொழுதைப் போக்கினான். அப்புறம் சிவப்பு எனாமலில் டர்பன்டைன் கலந்து முதல் கோட்டு. கம்பெனியில் கழித்துப் போட்ட கன்னும், காலால் மிதிக்கிற பம்பும் அவன் சிநேகிதன் ரஷீத் அஹமது கொண்டுவந்து கொடுத்தது. ரஷீத் அதே செக்ஷனில் வேலை. அவன் மாமா வாணியம்பாடியில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்.

அடித்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ரஷீத் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"தோஸ்த், ஒண்ணு சொல்றேன் கேளு. இது தோல் இல்ல, இரும்பு. எனாமல் மேல காஞ்ச மாதிரி காட்டும், உள்ள பச்சையா இருக்கும். ரெண்டாவது கோட்டு அடிக்கணும்னா கையில ஒட்டிக்கினு இருக்கறப்பவே அடிச்சிடணும். வெளிச்சம் போச்சி, இன்னிக்கு முடியாது. அப்ப இன்னா பண்ணு, அதும்பாட்டுக்கு வுட்டுடு. கட்டவிரல் நகத்த வச்சி அழுத்தினா நகம் எறங்கக் கூடாது. அதுக்கப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டு அடி. நடுவுல மட்டும் கை வைக்காத."

"நகம் எறங்காம இருக்க எவ்ளோ நாளாவும்?"

"வாரக்கணக்குல ஆவும். கல்யாணத்துக்கு இந்த ஒரு கோட்டே ஷோக்காத்தான் இருக்குது, போதும். அப்புறம், கம்பெனியில சாயத்துல கலக்கற தின்னர இதுல கலந்துடாத."

"ஏன் பாய், அது இன்னா கடிக்குமா?"

"கீழ இருக்கற கோட்டக் கடிக்கும். நம்பலன்னா யாரும் பாக்காத மூலையா பாத்து ஒரு சொட்டு வச்சிப் பாரு."

"சரி சரி. நீயும் உங்க மாமா மாதிரி ஒரே விஷயத்த இழுக்கற" என்று அவனை அனுப்பிவைத்தான் பக்தவச்சலம்.

மறுநாள் காலை அருணகிரி பேரணாம்பட்டுப் பக்கம் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினார். மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தவர், டிராக்டர் பக்கத்தில் நின்றார். பானெட்டைப் பார்த்தார். வாயைத் திறந்து, வழக்கப்படி கழுத்தைக் கட்டுத்தறிப் பக்கம் திருப்பினார். அங்கே பசு இல்லை. மேய்ச்சலுக்குப் போயிருந்தது.

கழுத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். தம்பியைப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சா?" என்றார்.

அடுப்பங்கரையில் செல்லம்மாள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாளாம். குழம்பு அடிப்பிடித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பக்தவச்சலம் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாருமில்லை.

"காஞ்சிடுச்சிண்ணா! பாரு, கையில ஒட்டவே இல்ல" என்று பானெட்டைத் தடவி விரலை நீட்டிக் காட்டினான். தோல் கம்பெனிக்காரனுக்கு விரலில் ஒட்டாவிட்டால் காய்ந்ததாகத்தான் கணக்கு.

"சரி. சாயங்காலம் வந்து பாக்கறேன்" என்று அவர் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கெடுத்தது. சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று அண்ணன் சொன்ன பிறகு, பார்க்க ஒன்றும் புதிதாக இல்லாமல் எப்படி இருக்கும்? அவன் கன்னைக் கையில் எடுத்ததும் செல்லம்மாள் வெளியே ஓடிவந்தாள்.

"பக்தா, பாய் நடுவுல தொடாதன்னாரே."

"அண்ணி, அவர் சாயங்காலம் வந்து பாக்கறேன்னார். காதுல வுழுந்துச்சில்ல? இந்த மங்கலையா பாக்கச் சொல்ற? மூஞ்சி தெரியணும் அண்ணி. அவர் மூஞ்சி அதுல தெரியணும்."

"டர்பன்டைன் தீந்துப்போச்சின்னியே நேத்து."

"அத்தக் கலந்தா ராத்திரிதான் காயும். கம்பெனி தின்னர் ஒரு டப்பா வச்சிருக்கறேன். அடிச்ச கையோட காஞ்சிடும்."

மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கவில்லை. அதற்கு ஆகிற நேரம் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்.

உச்சி வெயிலில் அடித்து முடித்துவிட்டு என்னையும் கூப்பிட்டனுப்பினான். நான் போனேன். சும்மா சொல்லக் கூடாது, வண்டி குங்கும நிறத்தில் ஜொலித்தது. பானெட்டில் என் மூக்குத்தி தெரிந்தது. "எப்டிக்கா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், விளக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மடிப்பு. பால் ஆறும்போது ஏடு ஒரு பக்கமாக ஒதுங்குமே, அந்த மாதிரி. அவன் விரலை வைத்து நீவப் போனான். விரலோடு சிவப்பு வழன்று வந்தது. அடியில் நேற்றைய கோட்டு கூழாக இருந்தது. மடிப்பு அங்கிருந்து கிளம்பி, இரண்டாகி, பத்தாகி, பானெட் முழுக்க, மட்கார்டு முழுக்க, நாங்கள் பார்க்கப் பார்க்க அந்த வண்டி கிழடாகிப் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. சத்தம் கேட்டது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது மட்டும் கூட்டல்.

ஷிப்ட் முடிந்து வந்த ரஷீத் வண்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். பிறகு சிநேகிதனைத் தேற்ற வேண்டுமே என்று, "தோஸ்த், இதே மாதிரி சுருக்கம் நீ தோல்ல வரவச்சிருந்தா வெள்ளக்காரன் கப்பல் அனுப்பி வாங்கிப்பான். ஷ்ரிங்க் லெதர்னு தனி மவுசே இருக்குது" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. எந்தச் சுருக்கமும் தன் கண்ணுக்குப் பயப்படும் என்று சொன்னவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றான். "சுரண்டிடட்டுமா?" என்று கேட்டான்.

"இப்ப சுரண்டாத. கூழா இருக்குது, இன்னும் நாசமாவும். முழுசா இறுகட்டும். அப்புறம் மொத்தமா தேய்ச்சி எடுக்கலாம்" என்றான் ரஷீத்.

அருணகிரி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது நாங்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றோம். லட்சுமியும் மேய்ச்சலிலிருந்து திரும்பிக் கட்டுத்தறியில் இருந்தது. அது மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கக் கூடாதா என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு. அவர் வண்டியை வெகுநேரம் பார்த்தார். பக்தவச்சலம், "அண்ணா" என்றான். அவர் பசுவின் பக்கம் திரும்பினார்.

"தண்ணி ஆச்சி, லட்சுமி. மண்ணு ஆச்சி. இரும்பு ஒண்ணு பாக்கி இருந்திச்சி."

கல்யாணம் நடந்தது. வண்டிக்கு வாழைக்கன்றும் மாவிலைத் தோரணமும் கட்டி மறைத்தார்கள். மறைத்த இடம் போக மீதி தெரியத்தான் செய்தது. குடியாத்தத்துச் சம்பந்தி சுருக்கத்தைத் தடவிப் பார்த்து, "இது இன்னாங்க, இப்படி ஒரு பெயிண்ட்டு?" என்று கேட்டார். அருணகிரி கொஞ்சமும் அசராமல், "என் தம்பி அடிச்சது. தோல் கம்பெனியில பெரிய கை அவன். ஃபாரின் டிசைனுங்க" என்றார். சம்பந்தி மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்றேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்தவச்சலம் அப்போது பின்கட்டில் சாம்பார் அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். அண்ணன் கண்ணில் படக் கூடாது என்று.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை அவன் சுரண்டியும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். அருணகிரி பசுவுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். தம்பியின் கையில் இருந்ததைப் பார்த்தார். பசுவின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இருக்கட்டும் லட்சுமி. காயட்டும்."

பக்தவச்சலம் உப்புத்தாளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான். எங்கள் பக்கத்தில் ஒருவனை ஏங்கப் போட்டால் 'காயப் போட்டுட்டான்' என்போம். அவனுக்கு அந்தக் காய்தல்தான் காதில் விழுந்தது. அண்ணன் தன்னைக் காயப் போடுகிறார், அதுவும் மாட்டின் வாயால். அந்த வாரமே ஆம்பூரில் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு பெண்டாட்டியோடு போய்விட்டான். எதற்கும் காத்திருக்காத மனுஷன், இதற்கு மட்டும் காத்திருந்தான். அண்ணன் கூப்பிடட்டும், கூப்பிட்டால் போகலாம் என்று. தீபாவளிக்கும் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

மாசி மாசம் அருணகிரிக்கு மூச்சிரைப்பு கண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் பக்தவச்சலம் வேப்பமரத்தடியில், டிராக்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். நானும் செல்லம்மாளும் எதிரே முற்றத்தில் இருந்தோம். சாய்ந்த வெயில் பானெட் மேல் விழுந்தது. அவன் எழுந்து கிட்டே போய்க் குனிந்தான்.

"அண்ணி, இது இன்னா?"

சுருக்கம் இல்லாமல் தப்பித்த ஓர் இடம், உள்ளங்கை அகலம். அதில் பிறைப் பிறையாகக் குறிகள். முதலில் இருந்தவை ஆழம். அடுத்தவை கொஞ்சம் மேலாக. போகப் போகக் கோடு மாதிரி. கடைசியில் ஒன்றுமில்லை, வழவழப்புதான்.

"உங்கண்ணன் நகம்" என்றாள் செல்லம்மாள். "தெனம் காத்தால எழுந்ததும் அங்கதான் போவார். இன்னா பண்றீங்கன்னு கேட்டா, நகம் எறங்காம இருக்கணும்னு பாய் சொன்னாராம், அப்பத்தான் அவன் வந்து தேய்க்க முடியும்பார். கார்த்திகையிலயே எறங்கறது நின்னுடுச்சி. வருவான் பாருன்னார். பொங்கலுக்கு வண்டிய நீ வந்து அடிப்பேன்னு வேற யாரையும் தொட வுடல."

"எனக்கு ஏன் அண்ணி சொல்லல?"

"காயட்டும்னு உன் எதுரத்தானடா சொன்னார்! நீ காயறதுக்கு வுட்டிருக்கேன்னு நெனச்சேன். பேசாத ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிட்டீங்க, நடுவுல நான் எதுக்குன்னு இருந்துட்டேன்."

சம்பந்தியிடம் அருணகிரி அடித்த ஃபாரின் டிசைன் பீற்றலை நான் அப்போது சொன்னேன். கதை சொல்கிற வாய் என்பதால் என்னைப் பார்த்து, "நெஜமாக்கா?" என்று கேட்டான். "இது கூட்டல் இல்லடா" என்றேன். அவன் பானெட் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

டிராக்டரை அடித்துக் கொடு, உங்கண்ணன் காத்திருந்தது அதற்குத்தான் என்று செல்லம்மாள் கேட்டாள். ரஷீத் அஹமதுவும் வந்தான். சுருக்கத்தை எல்லாம் தேய்த்து எடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தால் உப்புத் தங்கி, பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் எழும்பும் என்று, மாதனூரிலிருந்து சைக்கிளில் குடம் கட்டி நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். எல்லா இடமும் முடிந்தது. அந்த உள்ளங்கை அகலம் மட்டும் பாக்கி.

"அத்த அப்டியே வுட்டுட்டு மேல அடிச்சிடலாமா, பாய்?"

ரஷீத் அந்தக் குறிகளின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தான். "அடிக்கலாம். ஆனா நிக்காது தோஸ்த். இத்தன மாசம் இறுகினது. தேய்க்காம அடிச்சா புதுசு அத்தப் பிடிச்சிக்காது. ஒரு மழையில அந்த எடம்தான் மொதல்ல உரியும்."

பக்தவச்சலம் உப்புத்தாளை நல்ல தண்ணீரில் நனைத்தான். வழவழப்பாக இருந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். கோடு மாதிரி இருந்தவை முதலில் போயின. ஆழமான குறிகளுக்கு நேரம் ஆயிற்று. அவ்வளவு மெதுவாக அவன் ஒரு வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. சிவப்புத் தண்ணீர் அவன் முழங்கை வழியாக ஒழுகிற்று. செல்லம்மாள் உள்ளே போய்விட்டாள்.

இந்த முறை டர்பன்டைன்தான். ஒரு கோட்டு அடித்தான். ஆம்பூருக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, யாரும் பார்க்காத மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். சித்திரை போய் வைகாசி வந்தது. பசு கட்டுத்தறியிலிருந்து அவனைப் பார்க்கும். அவன் அதைப் பார்க்கமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டி நல்ல சிவப்பாக, ஒரு சுருக்கமில்லாமல் நின்றது.

"காஞ்சிடுச்சா பக்தா?" என்றாள்.

அவன் மூலையிலிருந்து விரலை எடுத்து, நகத்தையே பார்த்தான்.

"தெரியல அண்ணி" என்றான்.